கியாந்தி: ஒரு கடிதம் சட்டமான கதை

ஓர் ஊரின் பெயரைப் போட்டுப் பொருள் விற்க யாருக்கு உரிமை? அந்த ஊர்க்காரனுக்கு மட்டுமா, பக்கத்து ஊர்க்காரனுக்குமா? சரி, அந்தப் பொருளை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்வது யார்? வணிகவியல் வகுப்பில் புவிசார் குறியீடு பற்றி நடத்தும்போது இந்தக் கேள்விகள் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. டார்ஜிலிங் தேயிலை, 1999 சட்டம், அடுத்த பாடம். ஆனால் இதே கேள்விகளோடு முந்நூறு வருடம் மல்லுக்கட்டிய ஒரு மலைப்பகுதி இருக்கிறது. இத்தாலியில், ஃபிளாரன்ஸ் நகருக்கும் சியெனா நகருக்கும் நடுவே. பெயர் கியாந்தி. பொருள், சிவப்பு ஒயின்.

(ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு 'சியான்டி' என்று படிக்காதீர்கள். சியான் விக்ரமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இத்தாலிக்காரர்கள் 'கியாந்தி' என்றுதான் சொல்கிறார்கள்.)

இந்தக் கதையில் என்னை உட்கார வைத்த விஷயம் ஒன்றுதான். 1970-களில், அந்த மண்ணிலேயே நல்ல ஒயின் செய்யத் தெரிந்த சிலர், "எங்கள் பாட்டிலில் கியாந்தி என்ற பெயரே வேண்டாம்" என்று தாங்களாகவே தூக்கி எறிந்தார்கள். பரம்பரை பரம்பரையாக வந்த, உலகமே அறிந்த பெயர். அதை ஒருவன் ஏன் விடுவான்? விட்ட பிறகு எப்படி அதிக விலைக்கு விற்றான்? அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிராட்டோ என்ற ஊரில் ஃபிரான்செஸ்கோ தாத்தீனி என்றொரு வியாபாரி இருந்தார். 1410-இல் இறந்தார். ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கிழித்துப் போடாத மனிதர். அவர் விட்டுப்போன ஐந்நூறுக்கும் மேற்பட்ட கணக்குப் புத்தகங்களும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கடிதங்களும் இன்றும் இருக்கின்றன. இரட்டைப் பதிவு முறை என்றதும் நமக்கு 1494-இல் புத்தகம் போட்ட லூக்கா பச்சியோலி பெயரைத்தான் சொல்லித் தருகிறார்கள். அதற்கு நூறு வருடம் முன்பே தாத்தீனியின் கடைகளில் பற்றும் வரவும் எழுதியாகிவிட்டது. அந்தக் காகிதங்களில்தான், 1398-இல், கியாந்தி என்ற பெயர் ஒயினுக்கு வருகிறது. வேடிக்கை என்னவென்றால் அது வெள்ளை ஒயினாம்! இன்று கியாந்தி என்றால் சிவப்பு தவிர வேறில்லை. ஒரு பெயருக்குள் இருக்கும் சரக்கு எவ்வளவு மாறலாம் என்பதற்கு இதுவே முதல் சாட்சி.

அந்தக் காலத்தில் கியாந்தி என்றால் மூன்று ஊர்கள். ராதா, காயோலே, காஸ்தெல்லீனா. ஃபிளாரன்ஸின் எல்லைக் காவல் போல ஒரு கூட்டணி. அவர்களுடைய சின்னம் கருப்புச் சேவல். ஏன் சேவல் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஃபிளாரன்ஸும் சியெனாவும் எல்லைக்காக ஓயாமல் அடித்துக்கொண்டன. கடைசியில் ஒரு ஒப்பந்தம். விடியற்காலையில் சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் கிளம்ப வேண்டும், இருவரும் சந்திக்கும் இடம்தான் எல்லை. சியெனாக்காரர்கள் ஒரு வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டு வளர்த்தார்கள். ஃபிளாரன்ஸ்காரர்கள் ஒரு கருப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசித்த சேவல் விடிவதற்கு முன்பே கூவிவிட்டது. ஃபிளாரன்ஸ் வீரன் சியெனாவை நெருங்கிவிட்டான், கியாந்தி முழுக்க ஃபிளாரன்ஸ் வசம். வரலாறு அல்ல, கதைதான். ஆனால் சேவல் நிஜம். ஃபிளாரன்ஸின் பழைய அரண்மனை மண்டபத்துக் கூரையில் வசாரி 1560-களில் வரைந்த ஓவியத்திலும் அந்தக் கருப்புச் சேவல் இருக்கிறது.

1716 செப்டம்பர் 24 அன்று தஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தே மெதிச்சி ஓர் ஆணை போட்டார். கியாந்தி, பொமீனோ, கார்மிஞானோ, மேல் ஆர்னோ பள்ளத்தாக்கு, இந்த நான்கு பெயர்களையும் இன்ன எல்லைக்குள் விளைந்த ஒயினுக்குத்தான் போடலாம். வெளிச்சரக்கைக் கலந்து இந்தப் பெயரில் அனுப்பினால் தண்டனை. கோசிமோ நல்ல ராஜா என்று யாரும் சொல்வதில்லை. கஜானா காலி, வம்சமே அவர் மகனோடு 1737-இல் முடிந்துவிட்டது. ஆனாலும் ஓர் ஊர்ப் பெயரை வரைபடத்தோடு கட்டிப்போட்ட இந்த ஆணை, உலகத்தின் முதல் ஒயின் எல்லைச் சட்டங்களில் ஒன்று. போர்ச்சுகல் தன் தோரு பள்ளத்தாக்குக்கு எல்லை போட்டது 1756-இல்தான்.

கவனியுங்கள். கோசிமோ எங்கே விளைய வேண்டும் என்று சொன்னார். எந்தத் திராட்சை, எவ்வளவு என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவர் ஒரு முன்னாள் பிரதமர்.

பெத்தீனோ ரிக்காசோலி. 1809-இல் பிறந்தவர். 'இரும்புப் பிரபு' என்பது அவருடைய பட்டப்பெயர். புரோலியோ கோட்டை அவர் குடும்பத்துக்கு 1141 முதல் சொந்தம். ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமர் கவூர் 1861-இல் திடீரென்று இறந்ததும் அடுத்து வந்தவர் இவர்தான். 1866-இல் இன்னொரு முறையும் பிரதமரானார். விறைப்பான ஆள். புது மனைவியோடு ஃபிளாரன்ஸில் ஒரு நடன விருந்துக்குப் போனாராம். ஓர் இளைஞன் அவளோடு ஆட ஆர்வம் காட்டியிருக்கிறான். மனிதர் அன்றிரவே வண்டி கட்டி, குளிரில், மனைவியைப் புரோலியோ கோட்டைக்குக் கூட்டிப் போய்விட்டாராம். உண்மையோ பொய்யோ, பல வருடங்கள் அங்கே திராட்சையோடு மல்லாடியது மட்டும் உண்மை. (அந்தப் பெண்மணியின் பக்கத்துக் கதையை யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.)

பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை நேரில் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து எந்தத் திராட்சையை எதனோடு சேர்த்தால் என்ன வருகிறது என்று பல்லாண்டு சோதனை செய்தார். முடிவை 1872 செப்டம்பர் 26 அன்று பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் செசாரே ஸ்துதியாத்திக்கு ஒரு கடிதமாக எழுதினார். கியாந்தியின் 'சூத்திரம்' என்று இன்றுவரை எல்லோரும் சொல்வது இந்தக் கடிதத்தைத்தான்.

சாரம் எளிது. கலவையின் முதுகெலும்பு சாஞ்சொவேசே என்ற சிவப்புத் திராட்சை. வாசனையும் வீரியமும் அதிலிருந்து வரும். ஆனால் அது கொஞ்சம் முரடு. அந்த முரட்டுத்தனத்தைத் தணிக்க கனயோலோ என்ற இன்னொரு சிவப்பு. மூன்றாவது மல்வாசியா, இது வெள்ளைத் திராட்சை. இதைச் சேர்த்தால் ஒயின் இலகுவாகும், சீக்கிரம் குடிக்க வரும், அன்றாடச் சாப்பாட்டு மேஜைக்கு ஏற்றது. ஆனால் பல வருடம் வைத்திருந்து குடிக்கும் ஒயினுக்கு மல்வாசியா வேண்டாம், அது சரக்கை நீர்க்கச் செய்யும்.

கடைசி இரண்டு வரியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரிக்காசோலி சொன்னது ஒரு சூத்திரம் அல்ல, இரண்டு. தினசரிக்கு ஒன்று, தேக்கி வைப்பதற்கு ஒன்று. பின்னால் வந்தவர்கள் பாதியை மட்டும் படித்தார்கள்.

அந்த 'அன்றாட மேஜை'யில் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் கலவையின் நியாயம் புரியும். சாஞ்சொவேசேவுக்கு இரண்டு குணம். ஒன்று புளிப்பு. இன்னொன்று துவர்ப்பு. பாக்கு மென்றாலோ கட்டன் சாயா அதிகம் கொதித்துவிட்டாலோ நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடிக்குமே, அதே துவர்ப்பு. காரணம் டானின் என்ற பொருள். எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை உலர்த்திவிடும். வாயில் இறைச்சியின் புரதமும் கொழுப்பும் இருந்தால் அதோடு சேர்ந்துகொண்டு நாக்கை விட்டுவிடும். அதனால்தான் இந்த ஒயினைத் தனியாகக் குடித்தால் 'என்னடா இது' என்றிருக்கும், சாப்பாட்டோடு குடித்தால் வேறு ஆளாகிவிடும் என்கிறார்கள். சாப்பாட்டுக்கென்றே பிறந்த ஒயின்.

ஃபிளாரன்ஸின் பெருமை 'பிஸ்தேக்கா'. கியானா பள்ளத்தாக்கில் வளரும் பிரம்மாண்டமான வெள்ளை மாட்டின் இறைச்சி, எலும்போடு, மூன்று நான்கு விரல் தடிமன். கரி நெருப்பில் வெளிப்புறம் மட்டும் சுட்டு, உள்ளே சிவப்பாகவே விட்டு, உப்பும் ஆலிவ் எண்ணெயும் போட்டால் முடிந்தது. பெயர் என்னவோ ஆங்கில 'பீஃப் ஸ்டேக்'கின் இத்தாலிய உருவம்தான். மாட்டுப் பைத்திய நோய் பரவியபோது முதுகெலும்போடு சேர்ந்த இந்தத் துண்டை விற்க 2001-இல் தடை வந்தது. பன்சானோ ஊர்க் கசாப்புக்காரர் தாரியோ செக்கீனி, பிஸ்தேக்காவுக்குச் சவப்பெட்டி வைத்து இறுதிச் சடங்கே நடத்திவிட்டார். 2006 தொடக்கத்தில்தான் தடை நீங்கியது. இந்த இறைச்சிக்கு ஏற்றது மல்வாசியா சேர்த்த இலகு ஒயின் அல்ல. வருடக்கணக்கில் தேங்கிய, துவர்ப்பு நிறைந்த, ரிக்காசோலியின் இரண்டாவது வகை.

ஆனால் கியாந்தி மலையில் வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் பிஸ்தேக்கா சாப்பிட்டார்கள்? அது நகரத்து மேஜை. குடியானவன் வீட்டில் இருந்தது ரொட்டி. அதுவும் உப்பில்லாத ரொட்டி, தஸ்கனியில் இன்றும் அப்படித்தான். காய்ந்துபோன ரொட்டியை வீணாக்காமல் கருங்கோசு இலை, வெள்ளை அவரை எல்லாம் போட்டுக் கொதிக்க வைப்பது. மறுநாள் அதையே திரும்பக் கொதிக்க வைப்பது. அதன் பெயரே 'ரிபொல்லீத்தா', அதாவது மறுபடி கொதித்தது. நம் வீட்டுச் சுண்டக்குழம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காய்ந்த ரொட்டியைத் தக்காளியில் ஊற வைத்தால் 'பப்பா அல் பொமொதோரோ'. கோழி ஈரலை அரைத்து ரொட்டியில் தடவினால் 'குரொஸ்தீனி'. ஆட்டுப்பால் சீஸ் 'பெக்கொரீனோ'. இவற்றுக்கு உப்பில்லா ரொட்டி ஒரு பக்கம், புளிப்பும் இலகுவுமான இளம் ஒயின் இன்னொரு பக்கம். கொழுப்பையும் உப்பையும் அந்தப் புளிப்பு கழுவிவிடும். நாம் எண்ணெய்ப் பலகாரத்தோடு ஊறுகாயைத் தேடுவது எதனாலோ, அதனால்தான்.

தக்காளி விஷயத்தில் ஒரு குறிப்பு. கியாந்தியும் தக்காளிச் சாறும் காலங்காலமான ஜோடி என்று உணவகங்கள் சொல்லும். தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது. மெதிச்சி குடும்பத்துக்கு ஒரு கூடைத் தக்காளி வந்து சேர்ந்த பதிவு 1548-ஐச் சேர்ந்தது. அதன்பிறகும் ரொம்ப காலம் அது தோட்டத்தில் பார்க்கிற வினோதப் பழம்தான். இத்தாலியச் சாதாரண வீடுகளில் தக்காளிச் சாறு நிலைத்தது 19-ஆம் நூற்றாண்டில். அதாவது ஏறக்குறைய ரிக்காசோலியின் காலத்தில். ஆக, 'பழம்பெரும் ஜோடி'யில் இருவருமே புதுசு. ஆனால் பொருத்தம் பொய்யில்லை. தக்காளியின் புளிப்புக்கு முன்னால் புளிப்பில்லாத ஒயின் சப்பென்று ஆகிவிடும். சாஞ்சொவேசே தாக்குப் பிடிக்கும்.

இன்னொரு உணவு 'பெப்போசோ'. இம்புருனேத்தா ஊரின் ஓட்டுச் சூளைகளில் பிறந்ததாம். சூளையின் ஓரத்தில் மண்பானையில் மாட்டிறைச்சி, ஒயின், பூண்டு, கைநிறைய மிளகு போட்டு மணிக்கணக்கில் வேக விடுவது. புருனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தைக் கட்டியபோது தொழிலாளிகள் இதைத்தான் சாப்பிட்டார்கள் என்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அன்றைய மிளகு நம் மலபார்க் கரையிலிருந்து கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி, பல கை மாறி வெனிஸ் போய்ச் சேர்ந்த சரக்கு. கூலிக்குச் சூளையில் வேகிறவன் அதைக் கைநிறைய அள்ளிப் போட்டானா? கதை ருசியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பெருஞ்சீரகம் போட்ட பன்றி இறைச்சி சலாமி 'ஃபினொக்கியோனா' பற்றியும் இப்படி ஒரு கதை உண்டு. ஒயின் வாங்க வருகிறவனுக்கு முதலில் பெருஞ்சீரகம் சேர்த்த பண்டத்தைக் கொடுத்துவிடுவார்களாம். நாக்கு மரத்துப் போனால் மட்டமான ஒயினும் நல்லதாகத் தெரியும்! இத்தாலிய மொழியில் 'பெருஞ்சீரகம் போடுவது' என்ற வினைச்சொல்லுக்கு 'ஏமாற்றுவது' என்று அர்த்தம். நம்மூரில் அல்வா கொடுப்பது, அவர்கள் ஊரில் பெருஞ்சீரகம் :-)

சாப்பாட்டிலிருந்து மறுபடி வியாபாரத்துக்கு வருவோம். அந்தக் குடியானவனை நான் சும்மா இழுக்கவில்லை.

கியாந்தியின் நிலம் பெரும்பாலும் 'மெஸ்ஸத்ரியா' முறையில் இருந்தது. நம் பக்கத்து வாரச் சாகுபடி போல. நிலமும் வீடும் முதலும் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவக் குடும்பத்தினுடையது, விளைச்சலில் பாதிப் பாதி. திராட்சைக்கென்று தனித் தோட்டம் குறைவு. கொடிகள் மரத்தில் ஏறும், இடையில் ஆலிவ், நடுவில் கோதுமை. ஒரே நிலத்தில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாம். ஆல்ஃபிரட் மார்ஷல் இந்த மாதிரிப் பங்குமுறையைப் பற்றி எழுதியது பொருளாதாரம் படித்தவர்களுக்குத் தெரியும். கூடுதலாகப் பாடுபட்டுக் கிடைப்பதில் பாதி இன்னொருவனுக்குப் போகும் என்றால் எவன் கூடுதலாகப் பாடுபடுவான்? தரத்துக்காகக் கொடியில் பாதிக் குலையை வெட்டி எறி என்று அந்தக் குடியானவனிடம் சொல்ல முடியுமா? அவனுக்கு வேண்டியது அளவு. வெள்ளைத் திராட்சையில் திரெப்பியானோ என்றொரு வகை இருக்கிறது. ருசி சுமார், ஆனால் காய்த்துத் தள்ளும். ரிக்காசோலியின் மல்வாசியா இருக்க வேண்டிய இடத்தில் மெல்ல மெல்ல திரெப்பியானோ வந்து உட்கார்ந்தது. நான் குடியானவனைக் குறை சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் அப்படி.

இதற்கிடையில் கியாந்தி உலகப் புகழ் பெற்றுவிட்டது. புகழுக்குக் காரணம் பாதி ஒயின், பாதி பாட்டில். உருண்டை அடியுள்ள கண்ணாடிக் குடுவை, தானாக நிற்காது. அதனால் காய்ந்த கோரையை அடியில் பின்னி உட்கார வைத்தார்கள். பின்னியவர்கள் பெரும்பாலும் பெண்கள், வீட்டில் உட்கார்ந்து, எண்ணிக்கைக் கூலிக்கு. அமெரிக்கா போன இத்தாலியர்களின் உணவகங்களில் கட்டம் போட்ட மேஜை விரிப்பு, காலிக் குடுவையில் சொருகிய மெழுகுவர்த்தி... பழைய ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் குடுவைக்கு இத்தாலியப் பெயர் 'ஃபியாஸ்கோ'. ஆங்கிலத்தில் படுதோல்விக்குச் சொல்கிறார்களே, அதே சொல்! குடுவை எப்படித் தோல்வியானது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். கியாந்தியைப் பொறுத்தவரை பெயர்ப் பொருத்தம் பின்னால் சரியாக அமைந்தது.

பெயர் விலை போகிறது என்றால் எல்லோரும் அதே பெயரைப் போடுவார்கள். 1924 மே மாதம் ராதா ஊரில் 33 உற்பத்தியாளர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். சின்னம், அதே பழைய கருப்புச் சேவல். போலிகளிடமிருந்து பெயரைக் காப்பது நோக்கம். அரசு கேட்டது, ஆனால் வேறு மாதிரி. 1932-இல் வந்த ஆணை கியாந்தி என்ற பெயரை ஏழு வட்டாரங்களுக்குப் பங்கிட்டது. பீசா பக்கக் குன்றுகள், அரேத்சோ பக்கக் குன்றுகள், ரூஃபீனா, மொந்தால்பானோ எல்லாம் கியாந்தி. 1716-இல் கோசிமோ தனித்தனியாக எல்லை போட்ட இடங்கள்கூட இப்போது ஒரே பெயருக்குக் கீழே. பழைய கியாந்திக்காரர்களுக்குக் கிடைத்தது 'கிளாசிகோ' என்ற ஒரு வால். சொந்த வீட்டில் இருந்தவனிடம் "வீடு எல்லோருக்கும் பொது, உனக்கு மட்டும் வாசலில் பெயர்ப்பலகை" என்று சொன்னது போல. அதுவும் அந்தக் கிளாசிகோ எல்லையே அசல் மூன்று ஊர்களைத் தாண்டி விரிந்ததுதான்.

அடுத்த அடி 1967. இத்தாலியின் புதிய ஒயின் சட்டத்தின் கீழ் கியாந்திக்கு அதிகாரபூர்வ விதிகள் வந்தன. சாஞ்சொவேசே 50 முதல் 80 சதவிகிதம். கனயோலோ 10 முதல் 30. மல்வாசியா, திரெப்பியானோ ஆகிய வெள்ளை வகைகள் 10 முதல் 30. வெள்ளைத் திராட்சை 'போடலாம்' அல்ல, குறைந்தது 10 சதவிகிதம் 'போட்டே ஆக வேண்டும்'. சாஞ்சொவேசே மட்டும் போட்டுச் செய்தால் அது சட்டப்படி கியாந்தி அல்ல!

ரிக்காசோலி கடிதத்தின் இரண்டாவது பாதி எங்கே போனது? தேக்கி வைக்கும் ஒயினுக்கு வெள்ளைத் திராட்சை வேண்டாம் என்று அவரே எழுதியது? சட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. நிலத்தில் ஏற்கெனவே என்ன இருந்ததோ, எது அதிகம் காய்த்ததோ, அதைக் கழிக்க ஒரு வழி வேண்டும். பெரிய மனிதர் பெயர் முத்திரையாகக் கிடைத்தது. எனக்கு இந்தக் கதையிலேயே கோபம் வரும் இடம் இதுதான். ஓர் ஆள் பல்லாண்டு சோதனை செய்து எழுதியதில் தனக்கு வசதியான பாதியை எடுத்து மீதியைக் குற்றமாக்கிவிட்டார்கள்.

நேரமும் மோசமான நேரம். 1964-இல் புதிதாக வார ஒப்பந்தம் போடுவதைச் சட்டம் தடை செய்தது. குடியானவர்கள் அதற்கு முன்பே கூட்டம் கூட்டமாக ஆலை வேலைக்கு நகரம் போய்க்கொண்டிருந்தார்கள். காலியான நிலத்தில் அவசர அவசரமாகத் தனித் திராட்சைத் தோட்டம் போட்டார்கள். நட்டது பெரும்பாலும் அதிகம் காய்க்கும் ரகம். விளைவு, தண்ணீர் மாதிரி ஒயின், கோரைக் குடுவையில், மலிவு விலையில். 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வாங்குகிறவனுக்கு நல்லது கெட்டது தெரியாது என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி விலைதான் கொடுப்பான். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல சரக்கு வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான். 2001-இல் நோபல் பரிசு பெற்ற ஆள். அந்தக் கட்டுரை அச்சான அதே சமயத்தில் அதற்கு உதாரணம் கியாந்தியில் நடந்துகொண்டிருந்தது.

போனவர்களில் முக்கியமானவர் பியேரோ அந்தினோரி. 1385 முதல் ஒயினில் இருக்கும் குடும்பம். அவரும் ஒயின் நிபுணர் ஜாக்கோமோ தாக்கீசும் சேர்ந்து 'தின்யானெல்லோ' என்ற தோட்டத்தின் திராட்சையைத் தனியாக எடுத்துச் சிறிய ஓக் பீப்பாய்களில் வைத்தார்கள். 1970 விளைச்சல் கியாந்தி என்றே வந்தது. 1971 விளைச்சலில் அந்தப் பெயரை விட்டார்கள். 1975-இலிருந்து வெள்ளைத் திராட்சை ஒரு சொட்டும் இல்லை, கூடவே பிரெஞ்சு கபர்னே கொஞ்சம். சட்டப்படி இது என்ன? 'விநோ தா தாவோலா'. சாதா மேஜை ஒயின், இருப்பதிலேயே கடைசிப் படி. கடைசிப் படி ஒயின் முதல் படி ஒயினைவிடப் பல மடங்கு விலைக்குப் போனது.

எனக்கு அந்தினோரியைவிடப் பிடித்தவர் செர்ஜியோ மனெத்தி. ராதா ஊரில் மொந்தெவெர்த்தீனே என்ற சிறு பண்ணைக்காரர். அவர் பிரெஞ்சுத் திராட்சை பக்கமே போகவில்லை. 1977-இல் முழுக்க முழுக்க சாஞ்சொவேசேயில் 'லெ பெர்கொலே தோர்த்தே' செய்தார். கியாந்தியின் இதயமான ஊர், கியாந்தியின் முதுகெலும்பான திராட்சை, ஆனால் கியாந்தி அல்ல. 1981-இல் சங்கத்தை விட்டே வெளியேறினார். இப்படி விதிக்கு வெளியே நின்றவர்களைத்தான் பத்திரிகைகள் 'சூப்பர் தஸ்கன்' என்று அழைத்தன.

சட்டம் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்தது. 1984-இல் தரநிலை ஒரு படி உயர்த்தப்பட்டு, கட்டாய வெள்ளைத் திராட்சை 2 சதவிகிதமாகக் குறைந்தது. இந்த 2 சதவிகிதத்தால் யாருக்கு என்ன லாபம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. 1992-இல் அந்தக் கலகக்கார ஒயின்களைக் கடைசிப் படியிலிருந்து ஒரு படி ஏற்ற 'இ.ஜி.தி.' என்ற புது வகுப்பு வந்தது. 1996-இல் கிளாசிகோ தனி விதிகளோடு தனிக் குடித்தனம் போனது. முழுக்க சாஞ்சொவேசேயில் கியாந்தி செய்வது அப்போதுதான் குற்றமில்லாமல் ஆனது. 2006 விளைச்சலிலிருந்து கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சை முழுத் தடை. 'கட்டாயம்' என்பதிலிருந்து 'தடை' வரை வர நாற்பது வருடம் கூட ஆகவில்லை! சாதாரணக் கியாந்தியில் இன்றும் 10 சதவிகிதம் வரை அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. பார்த்தால் ரிக்காசோலியின் இரண்டு சூத்திரங்களும் இப்போதுதான் இரண்டு பெயர்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இலகுவானது ஒரு பக்கம், தேக்கி வைப்பது இன்னொரு பக்கம்.

நடுவில் சேவலுக்கும் ஒரு வழக்கு வந்தது. சங்கத்தின் பெயரிலேயே 'கல்லோ நேரோ', அதாவது கருப்புச் சேவல், இருந்தது. அமெரிக்காவில் 'காலோ' என்றொரு மாபெரும் ஒயின் நிறுவனம் இருக்கிறது, அது நிறுவனர்களின் குடும்பப் பெயர். எழுத்து ஒன்றே. 1991-இல் கலிஃபோர்னியா நீதிமன்றம் அமெரிக்க நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பல நூற்றாண்டுச் சேவல், அமெரிக்காவில் தன் பெயரைச் சொல்லிக் கூவ முடியாமல் போனது. படத்தைப் போடலாம், பெயரைச் சொல்லக்கூடாது என்ற நிலை.

சினிமா ரசிகர்களுக்கு ஒரு துணுக்கு. 'சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்' படத்தில் ஹன்னிபால் லெக்டர் மனித ஈரலையும் அவரையையும் எந்த ஒயினோடு சாப்பிட்டதாகச் சொல்வார் என்று பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கியாந்தி. ஆனால் 1988-இல் வந்த மூல நாவலில் அது 'அமரோனே' என்ற வேறொரு இத்தாலிய ஒயின். 1991 படத்தில் மாற்றிவிட்டார்கள். சராசரி ரசிகனுக்கு அமரோனே தெரியாது, கியாந்தி தெரியும் என்று நினைத்திருப்பார்கள் போல. கோரைக் குடுவை செய்த வேலை. ஈரலும் அவரையும் தஸ்கனி மேஜைக்குப் புதிதல்ல என்பதால், சமையல் கணக்கில் மட்டும் பார்த்தால், மாற்றம் தப்பில்லை!

இன்றைய கிளாசிகோ விதி, சாஞ்சொவேசே குறைந்தது 80 சதவிகிதம், மீதி வேறு சிவப்பு வகைகள் இருக்கலாம் என்கிறது. கபர்னேவும் அதில் சேர்த்தி. தின்யானெல்லோவில் ஏறத்தாழ 80 சதவிகிதம் சாஞ்சொவேசே, மீதி கபர்னே வகைகள். அதாவது 1970-களில் அந்தினோரி எந்தக் கலவைக்காகப் பெயரை விட்டாரோ, ஏறக்குறைய அதே கலவைக்கு இன்று சட்டமே கியாந்தி கிளாசிகோ என்று பெயர் கொடுக்கத் தயார். மனெத்தியின் நூறு சதவிகித சாஞ்சொவேசேவுக்கும் இப்போது தடை இல்லை. இரண்டு பாட்டில்களிலும் இன்றுவரை கியாந்தி என்ற சொல் இல்லை. தின்யானெல்லோ, 'தஸ்கனா இ.ஜி.தி.' என்ற வகுப்பிலேயே விற்கிறது.